சடையன் கரடியும் புல்முடியும்

கருமலைக் காட்டுக் குளத்தங்கரையில் சடையன் என்ற இளம் கரடி குனிந்து நின்றான். தண்ணீர் குடிக்க அல்ல. தன் உச்சந்தலையைப் பார்க்க.

உச்சந்தலையைத் தண்ணீரில் பார்ப்பது சுலபமில்லை. தலையைக் குனிந்தால் கண்ணுக்கு எட்டாது. கண்ணை உயர்த்தினால் தலையும் கூடவே உயர்ந்துவிடும். சடையன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கழுத்தை முறுக்கினான். ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான். பளபளவென்று ஒரு வட்டம் தெரிந்தது.

"அண்ணே!" என்று கூப்பிட்டது ஒரு தவளை. "என்ன இது, பகல்லயே நிலா வந்துடுச்சு?"

"சத்தம் போடாதே! அது என் தலை!"

"தெரியும் அண்ணே. மரியாதைக்கு நிலான்னு சொன்னேன்."

சடையனுக்குக் கோபம் வரவில்லை. "நிலாவாவது பாதி மாசம் தேயும்" என்றான். "இது வளர்ந்துகிட்டே போகுது. என் உடம்புல நான் சொல்லாமலே வளர்ற ஒரே பொருள் இதுதான்!"

தவளை சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் குதித்தது. வட்டம் கலைந்து, மறுபடியும் கூடி, முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

சடையன் சாதாரணக் கரடி அல்ல. அவன் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. கரடிகள் தலைமுறை தலைமுறையாகப் புற்றை உடைத்துக் கறையானைத் தின்று வாழ்ந்தன. ஆனால் கறையானைப் பற்றிப் படித்தவன் சடையன் ஒருவன்தான். கறையான் எங்கே வாழும், எதைத் தின்னும், எப்படிக் கூடு கட்டும் என்று எதைக் கேட்டாலும் சொல்வான். அவன் அம்மா கருப்பாயி, வழியில் போகும் மான், முயல், ஆமை எல்லாவற்றையும் நிறுத்தி, "என் மகன் கறையான் படிப்பு படிச்சவன்!" என்று சொல்லிய பிறகே வழிவிடுவாள்.

பட்டம் வந்த வருடமே முடி உதிரத் தொடங்கியது. சடையன் பயந்த சுபாவம். உதிர்ந்த முடியையெல்லாம் ஒரு தேக்கிலையில் சேர்த்து வைத்தான். தினமும் அதைப் பிரித்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்கக் கவலை கூடியது. கவலை கூடக் கூட இன்னும் அடிக்கடி பிரித்துப் பார்த்தான்.

சில நாள் கழித்து, அவன் மறுபடியும் குளத்தில் குனிந்து நின்றபோது, அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டேய் சடையா! தலையை நிமித்துடா! பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க! பௌர்ணமிக்கு மறுநாள் காலையில!"

"எந்தப் பொண்ணும்மா?"

"மேற்கு மலைப் பாறையப்பன் மக. இலுப்பை!"

இலுப்பையை அவன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான். அவள் ஓர் இலுப்பை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூத் தின்றாள். ஒரு குரங்கு அவள் பறித்த பூவைத் தட்டிப் பறித்தது. அவள் சண்டைக்குப் போகவில்லை. "அந்தக் கிளையில இன்னும் இனிப்பு!" என்று குரங்குக்கே வழி காட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து சடையனுக்கு இலுப்பைப் பூ வாசனை வந்தாலே நடை தடுமாறும்.

"அம்மா, என் தலையைப் பத்தி அவங்ககிட்ட சொன்னியா?"

"படிச்சவன்னு சொன்னேன்."

"முடியைப் பத்தி?"

"சடையன்னு உன் பேரைச் சொன்னேன்ல? அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

சடையன் தலையில் கை வைத்தான். கையோடு கொஞ்சம் முடி வந்தது.

கரடிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கும் நாளில் மாப்பிள்ளை ஒரு புற்றை உடைக்க வேண்டும். பெண் வீட்டாரும் பையன் வீட்டாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே புற்றிலிருந்து கறையானை உறிஞ்ச வேண்டும். அந்தச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். எவ்வளவு மரியாதையான கரடியாக இருந்தாலும், கறையான் கண்ணில் பட்டுவிட்டால் வாய் தானாகக் குவிந்துவிடும். அதை யாராலும் அடக்க முடியாது.

புற்றை உடைக்கும்போது மாப்பிள்ளை தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் எதிரில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிவது உச்சந்தலை. சடையன் இதை யோசித்து யோசித்து, அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் அவன் எறும்புதின்னியான அலங்கு டாக்டரிடம் போனான். அலங்கு டாக்டர் தோல் வைத்தியத்தில் பெயர் பெற்றவர். உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். ஒரு முடி கிடையாது. சடையன் வாசலிலேயே தயங்கினான்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கே முடி இல்லையே, நீங்க எப்படி முடிக்கு..."

டாக்டர் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டார். சடையன் பதறிப்போய் அந்தப் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்து மன்னிப்புக் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"பல் டாக்டர்கிட்ட போனா அவர் பல்லை எண்ணுவீங்களா?" என்றது மூக்கு. "உட்காருங்க. தலையைக் காட்டுங்க."

அவர் நகத்தால் முடியை மெதுவாக விலக்கிப் பார்த்தார்.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

"செத்துப்போன எங்கப்பாவுக்கு இருந்துச்சு. தாய்மாமனுக்கும் இருக்கு. ரெண்டு பக்கமும் போட்டி போட்டுக் கொடுத்திருக்காங்க. பரம்பரைச் சொத்துன்னு எனக்கு வந்தது இது ஒண்ணுதான் டாக்டரம்மா!"

"சமீபத்துல காய்ச்சல் எதுவும்?"

"மழைக்காலம் முடியறப்ப கடும் காய்ச்சல்."

"அது விட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு, கொத்துக் கொத்தா உதிர்ந்துதா?"

"ஐயோ! கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்களே!"

"அப்ப உங்களுக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றார் டாக்டர். "காய்ச்சலுக்கு அப்புறம் தலை முழுக்க உதிர்ந்துது பாருங்க, அது தானா திரும்பி வரும். ஒழுங்காச் சாப்பிடணும், தூங்கணும், பொறுமையா இருக்கணும். ஆனா உச்சியில இருக்கிற இந்த வட்டம் பரம்பரை. அது வேற கதை."

"அதுக்கு மருந்து இல்லையா?"

"இருக்கு. தினமும் தடவுற மருந்து. உதிர்றதை மெதுவாக்கும். சிலருக்குக் கொஞ்சம் வளரவும் செய்யும். பலன் தெரியவே பல மாசம் ஆகும். நிறுத்தினா வந்ததும் போயிடும். பின்கழுத்து முடியை எடுத்து உச்சியில நடவும் செய்யலாம். ஆனா உங்க வயசுக்கு இப்ப வேண்டாம். இன்னிக்கு நட்டா, சுத்தி இருக்கிறது எல்லாம் நாளைக்கு உதிர்ந்து, நடுவுல நட்டது மட்டும் தீவு மாதிரி நிக்கும்."

சடையன் தன் தலையில் ஒரு தீவை நினைத்துப் பார்த்தான். அதில் ஒரு தவளை உட்கார்ந்திருப்பது போலவும் தோன்றியது.

"இல்லேன்னா சும்மா விட்டுடலாம்" என்றார் டாக்டர். "அதுவும் ஒரு வழிதான். எத்தனையோ பேர் வழுக்கையோட நிம்மதியா இருக்காங்க."

"எல்லாம் சரி டாக்டரம்மா. பௌர்ணமிக்குள்ள எது வேலை செய்யும்?"

"எதுவும் செய்யாது."

"எதுவுமேவா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

சடையன் எழுந்தான். படித்த கரடி அல்லவா! எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான், புரிந்துகொண்டான், சரி என்று ஒப்புக்கொண்டான், நன்றியும் சொன்னான். பிறகு நேராக நரியிடம் போனான்.

நரி ஒரு பெரிய பாறைக்கு அருகில் கடை விரித்திருந்தார். அவருடைய வால் புதர்போல அடர்ந்து மின்னியது. அதைப் பார்த்ததுமே சடையனுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"வாங்க தம்பி! தலையைக் காட்ட வேண்டாம், முகத்தைப் பார்த்தே புரியுது!" என்றார் நரி. "எப்ப வேணும்?"

"பௌர்ணமிக்குள்ள!"

"அவ்வளவு நாளா? தாராளம்!" நரி பாறையைத் தட்டினார். "இந்தப் பாறையைக் கோடையில பார்த்திருக்கீங்களா? மொட்டை! ஒரு புல் கிடையாது. நம்ம தைலத்தைத் தடவினேன். மழைக்காலத்துல வந்து பார்த்தா, பாறை முழுக்கப் பச்சைப் பசேல்னு பாசி! கல்லுலயே முளைக்குது தம்பி, உங்க தலையில முளைக்காதா?"

சடையன் கொஞ்சம் யோசித்தான். பாசிக்கும் மழைக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாகப் படித்த ஞாபகம் வந்தது. ஆனால் இலுப்பையின் சிரிப்பும் கூடவே ஞாபகம் வந்தது. சிரிப்பு ஜெயித்தது. தான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே தேன்கூட்டை நரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தைலம் வாங்கி வந்தான்.

தைலம் எரிந்தது. சடையன் ஓடி வந்தான்.

"ஐயா, எரியுதே!"

"எரிஞ்சாதான் வேர் முழிச்சுக்குதுன்னு அர்த்தம்!"

இருந்த முடியும் உதிர்ந்தது. மறுபடியும் ஓடி வந்தான்.

"ஐயா, கொட்டுதே!"

"பழசு போனாத்தானே தம்பி புதுசுக்கு இடம்?"

அதன் பிறகு தலையில் கொப்புளம் வந்தது. இந்த முறை ஓடி வந்தபோது கடையே இல்லை. பாறை மட்டும் இருந்தது. அதுவும் மொட்டையாக இருந்தது.

பௌர்ணமியன்று சடையன் குளத்துக்குப் போனான். தலையில் இருந்தது இப்போது சின்ன நிலா அல்ல. நெற்றி வரைக்கும் ஒரு பெரிய வெளிச்சம்.

தவளை தலையை நீட்டியது. வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"சொல்லித் தொலை" என்றான் சடையன்.

"வேண்டாம் அண்ணே. பாவமா இருக்கு."

கேலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது. சடையன் அங்கேயே உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டான். "வைத்தியர் சொன்னதைக் கேட்டுட்டு, கல்லு சொன்னதை நம்பினேன் பாரு! எங்கம்மா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்றாளே, அந்தப் படிச்சவன் நான்தான்!"

அப்போது அவன் தலைக்கு மேல் ஒரு தூக்கணாங்குருவி ஈச்ச மரத்தில் கூடு பின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புல்லாக எடுத்து, நுழைத்து, இழுத்து, முடிச்சுப் போட்டது. பார்த்துக்கொண்டே இருந்த சடையனுக்கு ஒரு யோசனை வந்தது.

"குருவி அண்ணே! இதே மாதிரி என் தலைக்கு ஒண்ணு பின்ன முடியுமா?"

குருவி கீழே பார்த்தது. "நான் கூடு கட்டுறவன் தம்பி. முடி கட்டுறவன் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்! கறுப்பா இருந்தா போதும்!"

குருவிக்கு இரக்கம் வந்தது. காய்ந்த புல்லைக் கொண்டுவந்து அவன் தலையிலேயே பின்னத் தொடங்கியது. வேலை பாதி நடந்ததும் கேட்டது: "வாசல் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"வாசலா? தலைக்கு எதுக்கய்யா வாசல்!"

"பழக்கதோஷம்" என்றது குருவி.

முடிந்ததும் சடையன் அதற்குக் கரி பூசினான். ஈரக் களிமண்ணை வைத்துத் தலையோடு ஒட்டினான். குளத்தில் எட்டிப் பார்த்தான். அவனுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. காய்ச்சலுக்கு முன்னால்கூட இவ்வளவு முடி இருந்ததில்லை.

காய்ந்த புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை, அவன் கறையான் புற்றை உடைக்கப் போனான். கறையானைப் பற்றிப் படித்தவன்!

பெண் வீட்டார் வந்தார்கள். பாறையப்பன் பெரிய உருவம், கனத்த குரல். "மாப்பிள்ளைக்கு நல்ல முடி!" என்றார் வந்ததும். கருப்பாயி வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிட்டு வரட்டும்" என்றாள் இலுப்பையின் அம்மா.

சடையனும் இலுப்பையும் மரத்தடிக்குப் போனார்கள். அவளிடம் பூ வாசனை வந்தது. சடையன் பேசுவதற்கு வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தூக்கணாங்குருவி பறந்து வந்து அவன் தலையில் உட்கார்ந்தது. இப்படித் திரும்பியது. அப்படித் திரும்பியது. ஒரு புல்லை அலகால் இழுத்துப் பார்த்தது.

"கட்டினது உறுதியாத்தான் இருக்கு" என்றது அது. "வாசலைத்தான் காணோம்!"

சடையன் கையை வீசி அதை விரட்டினான். "இந்தக் குருவிங்க எப்பவுமே இப்படித்தான், ஏதாவது உளறும்" என்றான்.

இலுப்பை அவனைக் கூர்ந்து பார்த்தாள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "உங்ககிட்ட அழகு, வீரம் எதுவும் கேக்கலை. பின்னால தெரிஞ்சு சங்கடப்படற மாதிரி ஏதாவது இருந்தா, இப்பவே சொல்லிடுங்க. இருக்கா?"

சொல்லியிருக்கலாம். அவளே கேட்கிறாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. உண்மை சடையனின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தலை கனமாக இருந்தது. இந்த முடியோடு நிற்கும்போது அவனுக்கே கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

"சரி" என்றாள் அவள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

எல்லோரும் புற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சடையன் நகத்தால் ஓங்கி அடித்தான். புற்று பிளந்தது. வழக்கப்படி மாப்பிள்ளைதான் முதல் வாய் உறிஞ்ச வேண்டும். அவன் தலையைப் புற்றுக்குள் நுழைத்தான். உள்ளே இருட்டு, ஈரம், கறையான் கூட்டம். வாயைக் குவித்து உறிஞ்சினான்.

அதே நேரத்தில் கறையான்களும் சாப்பாட்டுக்கு வந்தன. காய்ந்த புல்! அதுவும் ஈரமண் தடவிய புல்! வீட்டுக்குள்ளேயே விருந்து தேடி வந்ததைப் பார்த்து அவை வரிசை வரிசையாக மேலே ஏறின.

சடையன் தலையை வெளியே எடுத்தபோது, அவன் முடி நகர்ந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை..." என்றார் பாறையப்பன். அதற்கு மேல் பேச முடியவில்லை. அவர் வாய் தானாகக் குவிந்துவிட்டது.

"மாமா, வேண்டாம்!" என்றான் சடையன்.

"உர்ர்ர்ர்ர்ர்!"

மலைக்கு அந்தப் பக்கம் வரை சத்தம் கேட்டது. கறையான் போனது. அதோடு கரி போனது, களிமண் போனது, புல்முடி முழுவதும் ஒரே இழுப்பில் சடையன் தலையிலிருந்து கிளம்பிப் பாறையப்பன் வாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டது.

சடையனின் மொட்டைத் தலையில் காலை வெயில் பட்டு மின்னியது.

பாறையப்பனின் கண் பிதுங்கியது. மூச்சு வரவில்லை. தரையில் விழுந்து உருண்டார். சடையன் பாய்ந்து போய் அவர் வாய்க்குள் கையை விட்டுப் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இலுப்பை அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கடைசியில் எல்லாம் வெளியே வந்து விழுந்தது.

பாறையப்பன் மூச்சு வாங்கினார். சடையனின் தலையைப் பார்த்தார். கொப்புளத்தையும் சிவப்பையும் பார்த்தார். அலறினார்.

"ஐயோ! மாப்பிள்ளை தலையைத் தின்னுட்டேனே! இருந்த முடியை வேரோட பிடுங்கிட்டேனே! இனிமே எந்த முகத்தோட நான் நிப்பேன்?"

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இலுப்பையின் அம்மாவும் அழத் தொடங்கினாள்.

கருப்பாயி சடையனின் காதருகே வந்தாள். "சும்மா இருடா!" என்று கிசுகிசுத்தாள். "அவர் பிடுங்கினதாவே இருக்கட்டும்! நம்ம தலைவலி அதோட தீந்துச்சு! இனிமே அவங்க பொண்ணைத் தராம எப்படிப் போவாங்க?"

உண்மைதான். சும்மா இருந்தால் போதும். பழி மாமாவுக்கு, பெண் சடையனுக்கு. வாழ்நாள் முழுவதும் யாரும் அவன் வழுக்கையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

சடையன் பாறையப்பனைப் பார்த்தான். அவ்வளவு பெரிய உருவம் குலுங்கிக் குலுங்கி அழுதது. இலுப்பை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அழாதீங்க" என்றான் சடையன். "அது என் முடி இல்ல. புல்லு. குருவி கட்டின கூடு. உங்களுக்கு முன்னாடியே என் தலை இப்படித்தான். பாதி காய்ச்சல், பாதி பரம்பரை, மிச்சத்தை நானே தைலம் போட்டு எரிச்சுக்கிட்டேன். கறையான் காய்ஞ்ச புல்லைத் தின்னும்கிறது எங்க படிப்புல முதல் பாடம். அதுல எனக்குத்தான் முதல் மார்க்கு."

பாறையப்பன் வாயிலிருந்து ஒரு புல்லை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தக் குருவி உளறலையா?" என்று கேட்டாள் இலுப்பை.

"இல்ல. உளறினது நான்தான்."

"உங்க தலை எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாள் அவள். "நான் எப்பவும் மரத்துமேல இருக்கிறவ. மேல இருந்து பார்த்தா யாருக்கும் முதல்ல தெரியறது உச்சந்தலைதான். குளத்துல நீங்க கழுத்தை முறுக்கிக்கிட்டு நின்னதைப் பலநாள் பார்த்திருக்கேன். தவளைகிட்ட நீங்க பேசினதைக் கேட்டு, கிளையில இருந்து விழற அளவுக்குச் சிரிச்சிருக்கேன். தன்னைத்தானே கேலி பண்ணத் தெரிஞ்சவரா இருக்காரேன்னுதான் எங்கப்பாகிட்ட இந்தச் சம்பந்தத்தையே பேசச் சொன்னேன்."

சடையனால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"மரத்தடியில கேட்டேனே, அப்பவே சொல்லியிருந்தா எங்கப்பா தொண்டை தப்பிச்சிருக்கும்" என்றாள் அவள். "இப்ப நான் சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அடுத்த பூக்காலம் வரட்டும். அப்ப இன்னொரு புற்றை உடைங்க. உங்க தலையோட வாங்க."

அவர்கள் போனதும் சடையன் அலங்கு டாக்டரிடம் போனான். டாக்டர் அவன் தலையைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை. முதலில் கொப்புளத்துக்கு மருந்து போட்டார். பிறகுதான் கேட்டார்: "இப்ப எதுக்குள்ள வேணும்?"

"எதுக்குள்ளயும் வேண்டாம் டாக்டரம்மா. எது ஆகுமோ அது ஆனா போதும்."

கொப்புளம் ஆறியது. காய்ச்சலில் போன முடி மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. உச்சியில் இருந்த வட்டம் போகவில்லை. மருந்து தடவியதில் அது மேலும் பெரிதாகாமல் நின்றது. சடையன் தேக்கிலையைத் தூக்கி எறிந்தான். குளத்துக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் போனான்.

ஒரு நாள் குளத்தங்கரையில் கூட்டமாக இருந்தது. நரி மறுபடியும் கடை விரித்திருந்தார். முடி உதிர்ந்த ஒரு குட்டிக் குரங்கை அதன் அம்மா முன்னால் நிறுத்தியிருந்தாள். நரியின் கண் சடையன்மேல் பட்டது.

"அதோ பாருங்க!" என்று கத்தினார். "போன வருஷம் அந்தக் கரடித் தம்பி தலையில ஒண்ணுமே இல்ல! நம்ம தைலம்! இப்பப் பாருங்க! வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்!"

எல்லோரும் சடையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். குட்டிக் குரங்கு ஆசையோடு அவன் தலையைப் பார்த்தது. சடையன் நடுவில் வந்து நின்றான். எல்லோருக்கும் தெரியும்படி நன்றாகக் குனிந்தான்.

"கிட்ட வந்து பாருங்க" என்றான். "இந்த ஓரத்துல இருக்கே, இது காய்ச்சல்ல போய்த் தானா வந்தது. இந்தத் தழும்பு இருக்கே, இதுதான் ஐயாவோட தைலம் பண்ணின வேலை. நடுவுல இருக்கிற வட்டம் எங்கப்பாவும் தாய்மாமனும் கொடுத்தது. அதை மறைக்கப் போய் என் வருங்கால மாமனாருக்குப் புல்லு ஊட்டிட்டேன். குட்டியை முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு முடி இல்லைன்னு மட்டும் வாசல்ல நின்னு கேட்டுடாதீங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குரங்கு அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டாள். நரி சுரைக்குடுக்கைகளை வாரிக்கொண்டு நழுவினார்.

தலைக்கு மேல் இலுப்பை மரக்கிளை ஒன்று ஆடியது. ஒரு பூ உதிர்ந்து, நேராக வந்து, சடையனின் உச்சந்தலை வட்டத்தில் விழுந்தது.

"குறி தப்பலை" என்றது மேலிருந்து ஒரு குரல். "பெரிய வட்டமா இருக்கிறது எவ்வளவு வசதி! பூக்காலம் வந்துடுச்சு. எப்ப புற்றை உடைக்கப் போறீங்க?"

அந்தப் புற்றுடைப்பு நல்லபடியாக நடந்தது. பாறையப்பன் மட்டும் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கை தள்ளியே உட்கார்ந்து, உறிஞ்சுவதற்கு முன் ஒவ்வொரு முறையும், "தலையில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமே இல்ல மாமா!" என்றான் சடையன். இந்த முறை அது முழு உண்மை.

குறை எதனால் வந்தது என்று தெரிந்தும் பொய் மருந்துக்கு ஓடுகிறவன் இருப்பதையும் இழப்பான். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறவனுக்குக் குறை இருந்தாலும் தலைகுனிவு இல்லை.